ராஜா நாடகத்தில் நுழைந்த அண்ணன்

என் மகள் நூருக்கு, கடைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடி அத்தா எழுதுவது.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நலம் விசாரித்து இரண்டு வரி. மீதிப் பக்கமெல்லாம் உன் மேலேயே உனக்குக் கோபம். நாவல் எழுத உட்கார்ந்தாயாம். முதல் பக்கத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறாயாம். ஒரு வரியை எழுதி முடிக்கும் முன்பே அது நன்றாக இல்லை என்று தெரிந்துவிடுகிறதாம். "எனக்கு இது வராதுத்தா, விட்டுரலாம்னு இருக்கேன்" என்று முடித்திருந்தாய். உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவள், "உங்க மகதான், சந்தேகமே இல்ல" என்றாள். பிறகு, "புத்தி சொல்லி எழுதாதீங்க, அவளுக்குப் பிடிக்காது. நீங்க நாடகம் எழுதுன கதைய எழுதுங்க. அவளுக்குப் பாதிதான் தெரியும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்த நாடகத்தின்போது உனக்குப் பத்து, பதினொரு வயது. பார்த்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது உனக்குத் தெரியாது. இன்று ஆயக்குடியில் ஒரு வீட்டுக்கு மருமகளாக இருக்கிறாய், இனி சொல்லலாம்.

நீ பிறந்த காலத்தில் எங்களுக்கு ஒரே கடைதான். என் அத்தா பழனியிலிருந்து கம்பளி மூட்டையோடு மலையேறி வந்து, கொடைக்கானல் பஜாரில் பிடித்த கடை. பூம்பாறை, மன்னவனூர் ஆட்கள் சந்தைக்கு வரும்போது நம் கடையில்தான் கம்பளி எடுப்பார்கள். அத்தா படுக்கையில் விழுந்த பிறகு என் அண்ணனான உன் பெரியத்தாவும் நானும் சேர்ந்து கடையைப் பார்த்தோம். எனக்கு டூரிஸ்ட்களை இழுக்க ஆசை. கலர் கலராக ஸ்வெட்டர், குல்லா, யூகலிப்டஸ் தைலம் என்று வாசலில் தொங்கவிட வேண்டும். அண்ணனுக்கு அது பிடிக்காது. ஆனால் அதற்காக நாங்கள் சண்டை போட்டதில்லை. அவர் முணுமுணுப்பார், நான் சிரிப்பேன், கடை நடக்கும்.

அத்தா மௌத்தான அன்று நான் ஊரில் இல்லை. சரக்கு எடுக்க ஈரோடு போயிருந்தேன். தந்தி கிடைத்து, பஸ் மாறி மாறி நான் மலையேறி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசிய ஒவ்வொரு பேச்சிலும் ஒரு முள் இருந்தது. நான் ஸ்வெட்டரைத் தொங்கவிட்டால், "கடையா இது, பொருட்காட்சியா?" என்பார். நானும் சும்மா இருக்கவில்லை. பதிலுக்குப் பதில் பேசினேன். கடைசியில் ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே, "ஏலே, உனக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். பலகை அடிச்சிருவோம்" என்றார். அடித்தோம். ஒரு கடை இரண்டு கடையானது. அதன் பிறகு பேச்சு நின்றுபோனது. பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவும்போது நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் செருப்பைத் தேடுவோம். நீ மட்டும் பெரியத்தா கடைக்குப் போவாய், கமலா ஆரஞ்சும் கையுமாகத் திரும்பி வருவாய். யார் கொடுத்தது என்று நான் கேட்க மாட்டேன்.

இப்படியே சில வருஷம் ஓடிய பிறகுதான் நாடகம் வந்தது. பஜார்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து சீசன் தொடங்கும் முன்பு ஒரு ஆண்டுவிழா நடத்துவார்கள், உனக்குத் தெரியும். அந்த வருஷம் டெய்லர் ஆரோக்கியம் கடைக்கு வந்தார். நாடகம் போடுவதென்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. "பாய், கல்யாணத்துக்கெல்லாம் வாழ்த்துமடல் எழுதுறீங்கள்ல, அதே கையால ஒரு நாடகம் எழுதிக் குடுங்க. ராஜா நாடகமா இருக்கட்டும். நல்ல ஜிகினாத் துணி ஒரு சுருள் கெடக்கு, வேஷம் தச்சிரலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே ஒரு குயர் பேப்பர் வாங்கினேன்.

மழைக்காலம், கடையில் ஈ காக்கை கிடையாது, எழுதுவதற்கு அதைவிட நல்ல காலம் ஏது என்று உட்கார்ந்தேன். என்ன எழுதினேன் என்று நினைக்கிறாய்? "மந்திரியாரே, மாதம் மும்மாரி பொழிகிறதா?" அதை எழுதி, கிழித்து, வேறு மாதிரி எழுதி, அதையும் கிழித்தேன். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். நான்தான் அவரை இடுப்பைப் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது. உன் அம்மா கசக்கிய தாள்களை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போவாள். "விறகு மிச்சம்" என்பாள்.

அப்போது ஒரு வாரம் அடைமழை. மலைப்பாதையில் மண் சரிந்து, வத்தலக்குண்டு பஸ் வரவில்லை. பஜாரில் பாதிக் கடை பூட்டு. நான் பேப்பரை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பண்ணைக்காட்டுப் பக்கம் போக வேண்டிய ஒரு ஆள் பஸ் இல்லாமல் ஒதுங்கியிருந்தான் போலிருக்கிறது. "வெள்ளனே வந்திருந்தா ஜீப்புல ஏத்தி விட்டுருப்பேனேப்பா. இனி எங்க போவ? இங்கனயே கெட. இந்தக் கம்பளியப் போத்திக்க. புதுசுதான், பரவால்ல, போத்திக்க" என்றார். அந்தக் குரலைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. என் கை எழுதத் தொடங்கியது. ராஜா எங்கே போனார் என்று தெரியவில்லை. "ஒரு கடை. அண்ணனும் தம்பியும். அண்ணன் கம்பளியை மடித்துக்கொண்டிருக்கிறான்" என்று எழுதினேன். மடிக்கிறவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

நூரு, அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் எதையும் யோசிக்கவில்லை. ஒரு வார்த்தை கிடைக்கவில்லை என்றால் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்க்கவில்லை. படித்தால் பயம் வந்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. எழுத்துப் பிழை, வாக்கியப் பிழை, ஒரே பெயர் இரண்டு ஆளுக்கு, என்னென்னவோ. நான் அந்த அண்ணனைக் கஞ்சனாக, கடுகடுப்பானவனாகத்தான் எழுத நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பஜாரே பார்த்துச் சிரிக்கட்டும் என்று கொஞ்சம் ஆசையும் இருந்தது. ஆனால் அவன் வாயைத் திறந்தால் நல்ல பேச்செல்லாம் அவனுக்கே வந்தது. தம்பி பேசியதெல்லாம் வெறும் சவடாலாக நின்றது. நிறுத்தி மாற்றலாமா என்று ஒரு முறை தோன்றியது. மாற்றாமல் போனேன். அப்படியே போய், அத்தா மௌத்தாகும் இடத்துக்கு வந்துவிட்டேன். அங்கே நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை எழுத எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கை நிற்கவில்லை. படுக்கையில் இருக்கிற அத்தா பெரியவனைக் கூப்பிட்டு, "தம்பிக்குச் சின்னப்புள்ளப் புத்தி, நீதான் அவனப் பாத்துக்கணும்" என்று சொல்லிக் கண்ணை மூடுவதாக எழுதினேன். எழுதிவிட்டு, ஈரோட்டிலிருந்து வந்த அன்று அழாத அழுகையை அன்று அழுதேன்.

முடித்ததும் அடுப்படியில் வைத்து உன் அம்மாவுக்குப் படித்தேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத அப்படியே ஆரோக்கியத்துட்ட குடுங்க. ஒரு எழுத்த மாத்தாதீங்க" என்றாள்.

நான் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்த்தேன், எதிர்பார்த்தபடியே பயம் வந்தது. ஊருக்கே தெரியுமே இது யார் கதை என்று? அண்ணன் என்ன நினைப்பார்? வாழ்த்துமடல் எழுதுகிற பாய் இப்படிச் சந்தைப் பேச்சில் நாடகம் எழுதினார் என்று பள்ளிக்கூட வாத்தியார்கள் சொல்ல மாட்டார்களா? அதனால் கடையை நாடாக்கினேன். அண்ணனையும் தம்பியையும் ராஜாக்களாக்கினேன். கம்பளியை எடுத்துவிட்டு வாளைக் கொடுத்தேன். எல்லா வசனத்தையும் சுத்தத் தமிழாக்கி, நல்ல கையெழுத்தில் எழுதி ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஆஹா!" என்றார். ஜிகினாத் துணியை வெட்டிவிட்டார்.

ஒத்திகை பார்க்க உன்னையும் கூட்டிப்போனேன். நினைவிருக்கிறதா? பெரிய ராஜா வேஷம் செல்லையாவுக்கு. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து, காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் காமன் கூத்து ஆடியவன், குரல் மணி மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவன் என் வசனத்தைச் சொல்லும்போது தபால்காரன் முகவரி வாசிப்பது போல இருந்தது. "என்னாங்க இது, நானும் பாடம் பண்ணிப் பாத்துட்டேன், வாயில நிக்குதில்லையே" என்று வருத்தப்பட்டான். அவன் மேல் தப்பில்லை. ஆரோக்கியம் இங்கே நில், அங்கே நட என்று என்னென்னவோ செய்து பார்த்தார். நான் பின்னால் திரும்பினேன், நீ பெஞ்சில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். யாருடைய விமர்சனமும் என்னை அந்த அளவுக்குச் சுட்டதில்லை.

இதற்குள் உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். அடுப்புக்குப் போயிருக்க வேண்டிய அந்த முதல் பிரதியை எடுத்து வைத்திருந்தாள். ரவிக்கை கொண்டுவந்த ஆரோக்கியத்தின் கையில் அதைக் கொடுத்துவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். மறுநாள் அவர் கடை வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "பாய், இத வச்சுக்கிட்டா அத எழுதுனீங்க?" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்குப் போய், "யாரக் கேட்டு எடுத்துக் குடுத்த?" என்று கத்தினேன். உன் அம்மா கத்தவில்லை. "அது எந்த ராசாவோ எழுதுனது. இதுதான் நீங்க எழுதுனது. நாடகம் போடுறதுன்னா இதப் போடுங்க, இல்லாட்டி ஒண்ணும் வேணாம்" என்றாள். அவள் அப்படி என் முகத்தைப் பார்த்துப் பேசினால் நான் ஜெயித்ததில்லை. ராஜா வேஷத்துக்கு வெட்டிய துணி வேறு வேலைக்குப் போனது, பஜாரில் அந்த வருஷம் யார் வீட்டுத் தலையணையைப் பார்த்தாலும் ஜிகினா உறை போட்டிருந்தது.

விழா அன்று சாயங்காலம் பள்ளிக்கூட ஹால் நிறைந்துவிட்டது. கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்தது, மூடினால் மூச்சு முட்டியது. பெரியத்தா வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். மங்கிக் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். திரை விலகியது. செல்லையா கம்பளியை மடித்தபடி, "ஏலே, வெரசா வா, யாவாரத்தப் பாரு" என்றதும் ஹால் இடிந்தது. ஒரே சிரிப்பு. நான் பக்கவாட்டில் நின்று அண்ணனின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அத்தா மௌத்தாகும் காட்சி வந்தது. செல்லையா கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தான், அந்த வசனம் வந்தது. ஹாலில் சத்தமே இல்லை. அண்ணன் எழுந்தார். முழங்கால்களை இடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி, கதவைத் திறந்து மேகத்துக்குள் போய்விட்டார். நாடகம் முடிந்ததும் எல்லோரும் என்னைத் தூக்காத குறைதான். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. இருந்த கொஞ்சநஞ்ச உறவையும் நானே எழுதி அறுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலை கடையைத் திறந்து ஸ்வெட்டர்களை மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"ஏலே. அத்தா அப்படிச் சொல்லல."

திரும்பினேன். அண்ணன் என் கடைக்குள் நின்றார். "நாடகந்தானேண்ணே... சும்மா எழுதுனது" என்றேன்.

"சும்மாவா எழுதுன? ஊரே அழுதுச்சு. ஆனா தப்பு. அத்தா என்கிட்ட உன்னப் பாத்துக்கச் சொல்லல. என்னக் கூப்பிடவே இல்ல."

"பிறகு என்ன சொன்னாங்க?"

நூரு, அந்தக் கேள்வியை நான் அத்தனை வருஷமும் அவரிடம் கேட்டதே இல்லை. அடக்கத்துக்கு வந்து சேராத மகன் அதைக் கேட்க வெட்கப்பட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றினார்.

"சின்னவன் ஸ்வெட்டர் போட்டுட்டுப் போனானான்னு கேட்டாரு. ஆமாத்தா, போட்டுட்டுத்தான் போனான்னேன். திரும்பவும் அதையே கேட்டாரு. அம்புட்டுத்தான்."

கையில் இருந்த ஸ்வெட்டரை மாட்டாமல் மடித்தேன்.

"மாசக்கணக்கா நான் பக்கத்துல கெடந்தேன்டா" என்றார் அண்ணன். "கழுவி விட்டேன், தூக்கி உக்கார வச்சேன். கடைசி வார்த்தையில என் பேரு இல்ல. நீ இல்ல, ஆனா உன் பேரு இருக்கு. அத உன்கிட்ட எப்படிச் சொல்றது? சொல்லாம உன்னப் பாக்கவும் முடியல. பாத்தா ஆத்திரமா வந்துச்சு." குல்லாவை முழங்காலில் விரித்து வைத்து, "நேத்து அந்தச் செல்லையா பய கட்டில் பக்கத்துல குனியறான். அத்தா என்னத்தான் கூப்பிட்டாருன்னு நீ எழுதிருக்க. நீயா நெனச்சு எழுதிருக்க. அங்க உக்கார முடியலடா" என்றார்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருவரும் அழுதோம். சந்தைக்கு வந்த ஒரு மன்னவனூர் அம்மா கம்பளி கேட்டு உள்ளே வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். கடைசியில் நான், "தப்புன்னா மாத்திடறேண்ணே. அடுத்த வருஷம் போடறப்ப சரியா வச்சிருவோம்" என்றேன். "வேணாம். ஊருக்கு அது இருக்கட்டும். நமக்கு இது இருக்கட்டும்" என்றார். பிறகு பால் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார். நாங்கள் மறுபடியும் ஒரே கடை வைக்கவில்லை, வைத்திருந்தால் மறுபடியும் சண்டைதான். ஆனால் அதற்குப் பிறகு உன் பெரியத்தா என்னிடம் பேசாத நாள் கிடையாது. பேசாதிருந்தால் தேவலை என்று நினைக்கிற நாட்களும் உண்டு.

உன் அம்மா புத்தி சொல்ல வேண்டாம் என்றாள், ஆனால் இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் நான் உன் அத்தா இல்லை. நான் எழுதியது தப்பு என்று அண்ணன் சொன்னார் பார், அது தப்புதான். ஆனால் யோசித்து, எனக்கு எது தெரியும் எது தெரியாது என்று கணக்குப் பார்த்து எழுதியிருந்தால் அந்த அறைக்குள் நான் போயிருக்கவே மாட்டேன். நான் போகாவிட்டால் அவர் வந்து தப்பு என்று சொல்லியிருக்கவும் மாட்டார். எழுதுகிறபோது கை ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் போ. அது ஏன் இழுக்கிறது என்று அப்போது கேட்காதே. நன்றாக இருக்கிறதா, அழகாக இருக்கிறதா, மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள், இதையெல்லாம் கேட்க ஒரு காலம் வரும். அப்போது உட்கார்ந்து அடி, திருத்து, வேண்டாததைத் தூக்கிப்போடு. யாரிடமும் காட்ட வேண்டாம் என்றால் காட்டாதே, அதுவும் உன் இஷ்டம். ஆனால் அதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே, கண்ணு. நீ பிறக்காத பிள்ளைக்கு மூக்கு சரியில்லை என்று அழுதுகொண்டிருக்கிறாய்.

போன மாதம் பெரியத்தா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டு நீ திரும்பியபோது, உன்னைப் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன். பஸ் கிளம்ப நேரமாகும் என்று நீ ஜன்னலோரம் உட்கார்ந்து உன் மாமியார் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய். கொய்யாத் தோப்பைக் குத்தகை பேச ஒரு வியாபாரி வந்தானாம். அன்னிய ஆண் முன்னால் வராத அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னார்களாம். அவன் ஏதோ ஏளனமாகச் சொல்லிவிட்டான், உள்ளே வளையல் சத்தம் நின்றுபோனது என்றாய். உனக்கு மூச்சு வாங்கியது, கை ஆடியது, அந்த அம்மாவின் குரல் அப்படியே உன் தொண்டையில் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த கிழவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் நகர்ந்தது. நீ நிறுத்தவில்லை. தலையை வெளியே நீட்டி, "அப்பத்தான்த்தா, மாமி கதவத் தொறந்துட்டு வெளிய வந்து, அந்த ஆளப் பாத்து..." என்று கத்திக்கொண்டே போனாய். வளைவு திரும்பியதும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் பஸ் ஸ்டாண்டிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், அவளும் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் மாமியார் அவனைப் பார்த்து என்ன சொன்னார்கள், நூரு? எழுதி அனுப்பு.

உன் அத்தா